பதக்கத்துக்குப் பிந்திய நாற்பது வருஷ ஜீவனம்

வேலூர் மாநகரத்தோடு இணைந்துவிட்ட சத்துவாச்சாரியில் பிறந்து, 2014-ஆம் வருஷம் கிளாஸ்கோ காமன்வெல்த் விளையாட்டில் 77 கிலோ எடைப்பிரிவில் ஸ்நாட்ச் முறையில் 149, கிளீன் அண்ட் ஜெர்க் முறையில் 179, ஆக மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்று, பின்னர் 2018-இல் கோல்டு கோஸ்ட்டில் தொடைக் காயத்தின் உபத்திரவத்தோடேயே 317 கிலோ தூக்கி இரண்டாம் தங்கமும் கொண்டுவந்த சதீஷ் சிவலிங்கத்தின் பெயரைக் கேளாதவர் ஆற்காட்டுச் சீமையில் அரியர். அவருடைய தந்தையாரும் தேசிய அளவில் பளு தூக்கியவரென்பதும், இராணுவத்தில் பணிபுரிந்து விலகிய பின்பு வேலூரிலேயே ஒரு பல்கலைக்கழகத்தில் பாதுகாவலராக உத்தியோகம் பார்த்தவரென்பதும் அந்நாளைய பத்திரிகைகளில் வெளிவந்த செய்திகளே. மகனுடைய கீர்த்தியைச் சொல்வதற்கு அமைந்த முகவுரையாக அதைக் கருதிப் பலரும் மேலே படித்துக்கொண்டு போய்விட்டார்கள். இந்த அத்தியாயத்தின் வாசகர் மட்டும் அந்த வரியில் சற்றே நிற்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். தந்தையும் மகனும் பயின்றது ஒரே வித்தை. தந்தைக்கு அந்த வித்தை புகழைத் தந்திருக்கலாம். குடும்பத்துக்கு அன்னமிட்டவை இராணுவச் சேவையும் காவல் பணியுமே. மகனுக்கும் மாதச் சம்பளம் தந்தது தென்னக ரயில்வே. விளையாட்டு ஒருவரை உயர்த்தக்கூடும், ஆனால் அதுவே அவரை ஆயுள் முழுவதும் போஷித்துவிடும் என்று எதிர்பார்ப்பதற்கு நம் நாட்டில் ஆதாரம் மிகக் குறைவு.

ஓய்வுபெற்ற வீரர்கள் பணமுடையில் வீழ்ந்த செய்தி வரும்போதெல்லாம், "கைநிறைய வந்தது, ஊதாரித்தனமாய்த் தொலைத்துவிட்டான்" என்று தீர்ப்புக் கூறுவது நம் ஜனங்களின் வழக்கமாக இருக்கிறது. ஊதாரிகள் இல்லாமலில்லை. ஆயினும் அந்தத் தீர்ப்பு பெரும்பாலோர் விஷயத்தில் அநியாயமானது என்பதே என் அபிப்பிராயம். கோளாறு வீரனுடைய குணத்தில் இருப்பதைக் காட்டிலும் அவனுடைய சம்பாத்தியத்தின் அமைப்பிலேயே அதிகமாக இருக்கிறது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் தையல் பிரிவில் இருபது வயதில் வேலைக்குச் சேரும் பெண்ணை எண்ணிப் பாருங்கள். அவள் சம்பளம் சொற்பந்தான். ஆனால் சட்டப்படி நடக்கும் கம்பெனியானால் முதல் மாதத்திலிருந்தே அவள் அடிப்படைச் சம்பளத்தில் நூற்றுக்குப் பன்னிரண்டு பி.எஃப்.புக்குப் பிடிக்கப்படுகிறது, முதலாளியும் அதே அளவு செலுத்துகிறார், உடம்புக்கு வந்தால் ஈ.எஸ்.ஐ. உண்டு, ஐந்து வருஷம் நிறைந்தால் கிராஜுவிட்டி உண்டு, பத்து வருஷச் சேவை இருந்தால் 58 வயதில் சிறிதளவேனும் பென்ஷன் உண்டு. அவள் மறந்தாலும் சட்டம் அவளுக்காகச் சேமித்து வைக்கிறது. அதே தெருவில், அதே வயதில், விடியற்காலையில் எழுந்து மைதானத்துக்கு ஓடுகிற இளைஞனுக்கு இவற்றுள் ஒன்றுமில்லை. அவன் பன்னிரண்டு வயது முதல் உழைக்கிறான். அந்த உழைப்புக்குச் சம்பளப் பட்டியலே கிடையாது. பிறகு ஒருநாள், இருபத்திரண்டு வயதில், பல வருஷங்களின் கூலி முழுவதும் மாலை மரியாதையோடு ஒரே காசோலையாக வந்து சேருகிறது. முப்பது வயதில், மற்றவர்களுக்குச் சம்பளம் ஏறத் தொடங்கும் சமயத்தில், அவனுக்கு வரவு நின்றுவிடுகிறது. இப்படிப்பட்ட அமைப்பில் சிக்கினால் சிக்கனமானவனும் தடுமாறுவான்.

பணம் அதிகமாக வந்தால் இந்த ஆபத்து நீங்கிவிடும் என்று எண்ணுகிறவர்களுக்கு அமெரிக்க அநுபவம் நல்ல பாடமாக அமையும். அந்நாட்டின் தொழில்முறைக் கால்பந்துப் பந்தயமான என்.எஃப்.எல்.-இல் 1996 முதல் 2003 வரை தேர்வான வீரர்களைப் பொருளாதார அறிஞர்கள் சிலர் ஆராய்ந்து 2015-இல் வெளியிட்ட முடிவின்படி, ஓய்வுபெற்ற பன்னிரண்டு வருஷங்களுக்குள் அவர்களில் ஏறக்குறைய நூற்றுக்குப் பதினாறு பேர் நீதிமன்றத்தில் திவாலா மனு கொடுத்திருந்தார்கள். அதைவிட யோசிக்கத்தக்க செய்தி வேறொன்று: அதிகம் சம்பாதித்தவர்களுக்கும் குறைவாகச் சம்பாதித்தவர்களுக்கும், நெடுங்காலம் ஆடியவர்களுக்கும் சில வருஷமே ஆடியவர்களுக்கும் இந்த ஆபத்தில் பெரிய வித்தியாசம் காணப்படவில்லை. கோடிகளில் வாங்கியவர்களுக்கே இக்கதியென்றால், தொகையின் பெருமை ஒருவனைக் காப்பாற்றாதென்பது தெளிவு. நம் நாட்டில் வினோத் காம்ப்ளியின் கதை ஊரறிந்தது. பதினேழு டெஸ்ட் பந்தயங்களில் 54-க்கு மேற்பட்ட சராசரி வைத்திருந்த அவருடைய டெஸ்ட் வாழ்க்கை 1995-இல், இருபத்துமூன்றாம் வயதில் முடிந்தது; கிரிக்கெட் வாரியம் தரும் மாதம் 30,000 ரூபாய் ஓய்வூதியமே தம்முடைய ஒரே வருமானமென்று 2022-இல் அவரே பத்திரிகைக்குச் சொன்னார். அவருடைய பழக்கவழக்கங்களைப் பற்றிப் பேசுவோர் பலர். இருபத்துமூன்று வயதில் டெஸ்ட் வாழ்க்கை முடிந்துபோன ஒரு மனிதனுக்கு எஞ்சியுள்ள ஆயுளுக்கு வேறென்ன தொழில் கற்பிக்கப்பட்டிருந்தது என்று கேட்போர் ஒருவருமில்லை.

கிரிக்கெட்டைத் தவிர்த்த விளையாட்டுகளில் நிலைமை இன்னும் பரிதாபம். 1952-இல் ஹெல்சிங்கியில் மல்யுத்தத்தில் வெண்கலம் வென்று, சுதந்திர இந்தியாவுக்கு முதல் தனிநபர் ஒலிம்பிக் பதக்கம் தேடித்தந்த கஷாபா ஜாதவ், தம்முடைய பிரயாணச் செலவுக்காக வீட்டை அடமானம் வைத்துப் பணம் கொடுத்த கல்லூரி முதல்வருக்கு அக்கடனைத் திருப்பித் தருவதற்கென்றே ஊர் திரும்பியபின் குஸ்திப் பந்தயங்கள் நடத்த வேண்டியிருந்தது. நூற்றுக்கு மேற்பட்ட மாட்டுவண்டிகளோடு ஊர்வலம் நடத்திய ஜனங்களுக்கு அந்தக் கடன் கண்ணில் படவில்லை. அவருக்கு அர்ஜுனா விருது கிடைத்தது 1984-இல் சாலை விபத்தில் அவர் மாண்டு பல வருஷங்கள் சென்ற பிறகு. 1954-இல் மணிலா ஆசிய விளையாட்டில் 110 மீட்டர் தடை ஓட்டத்தில் தங்கம் பெற்ற சர்வான் சிங், இராணுவத்தை விட்டபின் டாக்ஸி ஓட்டினார். கடைசியில் அந்தப் பதக்கத்தையே விற்க நேர்ந்தது.

நம் தமிழ்நாட்டுப் புதுக்கோட்டைச் சீமையின் சாந்தி சௌந்தரராஜன் விஷயம் வேறுவிதமானது. ஆனால் இந்த அத்தியாயத்துக்கு மிக நெருங்கியது. செங்கற்சூளையில் உழைத்த பெற்றோரின் மகள். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி. பாலினப் பரிசோதனை என்னும் பெயரால் அது பறிக்கப்பட்டது. தமிழக சர்க்கார் அவருக்கு அளித்த 15 லட்ச ரூபாய்ப் பரிசு பறிக்கப்படவில்லை. அதை அவர் எவ்வாறு செலவிட்டார்? நகைக்கோ மாளிகைக்கோ அல்ல. ஏழைப் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி கொடுக்கும் நிலையமொன்றை நடத்துவதில் பெரும்பகுதியைச் செலவிட்டார். 2012-இல் அவர் மறுபடியும் செங்கற்சூளையில் தினக்கூலியாக நின்ற செய்தி நாடெங்கும் பரவிய பிறகே விளையாட்டு ஆணையத்தில் பயிற்சியாளர் வேலை கிடைத்தது. உத்தமமான செலவும் அசலைக் கரைக்கத்தான் செய்யும் என்பதை இதைவிடத் துயரமாக எடுத்துக்காட்டும் திருஷ்டாந்தம் எனக்குத் தெரியவில்லை. தானதர்மம் செய்ய விரும்பும் வீரர்கள், தங்கள் சொந்த ஜீவனத்துக்கு முதலில் வழிசெய்துகொண்டு, மிஞ்சியதைக் கொடுப்பது சுயநலமாகாது.

இனிக் கணக்குக்கு வருவோம். 2014-இல் காமன்வெல்த் தங்கத்துக்குத் தமிழக முதலமைச்சர் அறிவித்த பரிசு 50 லட்ச ரூபாய். எந்தத் தனிமனிதரையும் குறிக்காமல், அத்தகைய தொகையொன்று இருபத்திரண்டு வயது இளைஞன் கைக்கு வந்ததாகவே வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு ஏழு வட்டி கிடைக்குமானால் வருஷத்துக்கு மூன்றரை லட்சம், மாதத்துக்கு 29,000 ரூபாய்ச் சொச்சம். அதை முழுவதும் செலவிட்டு வருகிறான் என்போம். விலைவாசி வருஷத்துக்கு நூற்றுக்கு ஆறு வீதம் ஏறினால் பன்னிரண்டு வருஷத்தில் பணத்தின் மதிப்புப் பாதியாகும். ஆகவே முப்பத்துநாலு வயதில் அதே 29,000 இன்றைய 14,500-க்குச் சமம். நாற்பத்தாறு வயதில், பிள்ளைகள் கல்லூரிக்குப் போகும் காலத்தில், இன்றைய 7,000 சொச்சத்துக்குச் சமம். மாறாக, வட்டியில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு மறுபாதியை அசலோடு சேர்த்துவந்தால், முதல் வருஷத்தில் கைக்கு வருவது மாதம் 14,500 மட்டுமே. ஆனால் இருபது வருஷத்தில் அசல் கோடியாகி, கைக்கு வரும் தொகையும் இரட்டிக்கும். அரை கோடி என்று ஊரெல்லாம் மூக்கின்மேல் விரல்வைத்த அந்தப் பரிசு, உண்மையில் மாதம் 14,500 ரூபாய் உத்தியோகந்தான். பரிசு வந்த அன்றே பெற்றோரும் பிள்ளையும் உட்கார்ந்து இந்தக் கணக்கைத் தங்கள் தொகைக்குத் தக்கபடி ஒரு தாளில் போட்டுப் பார்த்துவிட்டால், அடுத்து வரும் அபத்தங்களில் பாதியைத் தவிர்த்துவிடலாம்.

தோல் தொழிலை அறிந்த நம் ஊராருக்கு ஓர் உவமை சொல்லலாம்: உரித்த பச்சைத்தோலைச் சில மணி நேரத்துக்குள் உப்பிடாவிட்டால், பிறகு எவ்வளவு திறமையாகப் பதனிட்டாலும் அது உருப்படாது. பரிசுப் பணமும் முதற்சில வாரங்களில் கட்டுப்படுத்தப்படாவிட்டால் அவ்விதமே. முதலில் அடைக்க வேண்டியது கந்துவட்டிக் கடன். பயிற்சிக்காகவும் சத்துணவுக்காகவும் வீட்டார் வாங்கிய கடன்கள் இருந்தால் அவற்றை ஒரே நாளில் தீர்த்து, புரோநோட்டைத் திரும்ப வாங்கிக் கிழித்துவிட வேண்டும். எஞ்சியதை ஆறுமாத காலத்துக்கு எவரும் தொடாதபடி வைப்புநிதியில் போட்டுவிட்டு, அதுவரையில் வீட்டுக்கு மாடி எழுப்புவதையும், கார் வாங்குவதையும், தங்கையின் கல்யாணத்தைப் பெரிதாக்குவதையும் தள்ளிவைப்பது உத்தமம். ஒரு வங்கியில் ஒருவர் பெயரிலுள்ள வைப்புகளுக்கு அசலும் வட்டியும் சேர்த்து ஐந்து லட்சம் வரையில்தான் காப்பீடு உண்டு. ஆகையால் அதிக வட்டிக்கு ஆசைப்பட்டு முழுத்தொகையையும் ஒரே சிறு வங்கியில் வைப்பது தகாது. அஞ்சலகத்தின் மாத வருமானத் திட்டத்தில் தனியாக ஒன்பது லட்சமும் கூட்டாகப் பதினைந்து லட்சமும் வரை வைக்கலாம். அது சர்க்காரின் பொறுப்பு. வருஷத்துக்கு ஒன்றரை லட்சம் வரை செலுத்தக்கூடிய பொது வருங்கால வைப்புநிதிக் கணக்குக்குப் பதினைந்து வருஷக் கெடு இருப்பதைப் பலர் குறையாகச் சொல்வார்கள். பணத்தை எளிதில் தொடமுடியாதென்ற அந்தக் குணமே வீரனுக்கு வேண்டியது. பரிசுக்கு வருமானவரி உண்டா என்பதையும் ஆரம்பத்திலேயே ஓர் ஆடிட்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மத்திய, மாநில சர்க்கார்கள் தரும் அங்கீகரிக்கப்பட்ட பரிசுகளுக்கு விலக்கு இருப்பது போல் தனியார் கம்பெனி தரும் தொகைக்கும் விளம்பர வருமானத்துக்கும் இல்லை.

பத்திரிகையில் படம் வந்த மறுநாளே வாசலில் செருப்புகள் சேரத் தொடங்கும். வருகிறவர்களில் பகைவர் எவருமில்லை. மாமன், சித்தப்பா, பள்ளித் தோழன், பழைய கோச், இவர்களே வருவார்கள், அதுதான் சங்கடம். ஜாமீன் கையெழுத்து ஒன்று மட்டும் எவருக்கும் போடாதிருப்பதை ஒரு விரதமாகக் கொள்ளலாம். பணமாகக் கொடுத்தால் கொடுத்த தொகையோடு போகும்; ஜாமீன் போட்டால் எல்லை அடுத்தவன் கையில். ஏலச்சீட்டு கட்டுவதானால் 1982-ஆம் வருஷச் சீட்டுச் சட்டப்படி பதிவான சீட்டா என்று பதிவாளர் அலுவலகத்தில் விசாரித்துக் கட்டலாம். தீபாவளி பண்டு என்றும் நகைச்சீட்டு என்றும் வீட்டுத் திண்ணையில் நடப்பவற்றில் பெருந்தொகை போடுவது கூடாது.

மாதத்துக்கு நூற்றுக்கு எட்டு, பத்து என்று வட்டி பேசும் நிதி நிறுவனங்களைப் பற்றி வேலூர்ச் சீமையாருக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காட்பாடியைத் தலைமையிடமாகக் கொண்ட ஐ.எஃப்.எஸ்., ஆரணி முதலிய ஊர்களில் கிளை பரப்பிய ஆருத்ரா முதலான நிறுவனங்களின்மீது 2022-இல் பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்குத் தொடுத்தபோது, இப்பகுதியில் எத்தனை வீடுகளில் அடுப்பு எரியவில்லை என்பதைக் கண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முதலீட்டாளரைப் பாதுகாக்க 1997-லேயே தனிச் சட்டம் இயற்றிய மாநிலம் இது. ஆயினும் சட்டம் சொத்தை ஜப்தி செய்து ஏலம் விட்டுப் பங்கிடும் வரையில் வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வீரனுக்கு இங்கே இன்னோர் ஆபத்தும் உண்டு: இத்தகைய கம்பெனிகள் அவனுடைய பணத்தைக் காட்டிலும் அவனுடைய படத்தையே அதிகம் விரும்பும். திறப்புவிழாவுக்குப் போய்க் குத்துவிளக்கு ஏற்றியவரை நம்பிப் பணம் போட்ட அயலார், பிறகு அவருடைய வீட்டு வாசலிலும் நிற்பார்கள்.

வியாபாரக் கூட்டுக்கு அழைப்பவர்களும் உண்டு. ஆம்பூரில் பிரியாணிக் கடை, பேரணாம்பட்டில் ஷூவுக்கு மேற்பாகம் தைக்கும் ஜாப் ஒர்க் என்பன நம் பக்கத்தில் சகஜமாக எழும் யோசனைகள். இவை கெட்ட தொழில்களல்ல. ஆனால் ஜாப் ஒர்க் என்பது பெரும்பாலும் வெளிநாட்டு ஆர்டரை நம்பியது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குகளின்மீது வரியை நூற்றுக்கு ஐம்பதாக உயர்த்தியபோது, தலைமுறைகளாகத் தோல் வியாபாரம் செய்தவர்களே கைபிசைந்து நின்றார்கள். அத்தொழிலில் தினமும் நின்று கவனிக்க முடியாதவன், பேரை மட்டும் மூலதனமாகப் போட்டவன், முதல் நஷ்டத்திலேயே வெளியேற்றப்படுவான். ஆடுகிற காலத்தில் கூட்டு வியாபாரமே வேண்டாமென்பது என் முடிவான கருத்து.

ஆகவே வீரனுக்கு உண்மையான சொத்து, விளையாட்டினால் கிடைக்கும் நிரந்தர உத்தியோகமே. ரயில்வே, வங்கிகள், தபால், காவல்துறை ஆகியவற்றில் விளையாட்டு ஒதுக்கீடு உண்டு. தமிழக அரசுப் பணிகளிலும் நூற்றுக்கு மூன்று இடம் உண்டு. இங்கே அநேகர் கவனிக்கத் தவறும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒதுக்கீட்டில் சேர்ந்தவர் வருஷத்தில் பல மாதங்கள் முகாமிலும் பந்தயத்திலும் இருப்பார். அலுவலக வேலை பழகுவதில்லை. இலாகா பரீட்சைகளையும் எழுதுவதில்லை. முப்பத்திரண்டு வயதில் மைதானத்தை விட்டு மேஜைக்கு வரும்போது, தமக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் மேலதிகாரிகளாக இருப்பதைக் கண்டு மனம் நொந்து, சிலர் வேலையையே உதறிவிடுகிறார்கள். ஒவ்வொரு வருஷமும் ஒரு பரீட்சை என்று வைத்துக்கொண்டு ஆடும் காலத்திலேயே எழுதிவிடுவது நல்லது. 2004 ஜனவரி முதல் மத்திய சர்க்காரின் சிவில் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பழைய முறைப் பென்ஷன் பொதுவாகக் கிடையாது என்பதை முதல் சம்பளத்திலிருந்தே நினைவில் கொள்ள வேண்டும்.

பயிற்சியாளராக விரும்புவோர், பதக்கமே போதுமென்று இருந்துவிடக் கூடாது. பாட்டியாலாவில் 1961 முதல் நடந்துவரும் தேசிய விளையாட்டு நிறுவனத்தின் டிப்ளமோவை நியமன அதிகாரிகள் கேட்பார்கள். உடற்கல்வி ஆசிரியராவதற்குப் பட்டம் வேண்டும்; 1920-இல் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. கல்லூரி சென்னை நந்தனத்தில் இருக்கிறது, மேலக்கோட்டையூரில் தனிப் பல்கலைக்கழகமும் இருக்கிறது. பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்திவிட்டுப் பதக்கத்தை நம்பியவர்கள்தாம் பின்னர் அதிகம் கஷ்டப்படுகிறார்கள். முழங்கால், இடுப்பு, தோள் இவற்றின் தேய்மானம் நாற்பதுக்குமேல் வட்டியோடு வந்து நிற்கும். ஆகவே ஆரோக்கியமாக இருக்கும்போதே மருத்துவக் காப்பீடு எடுத்துவிட வேண்டும்.

கடைசியாக, காகிதங்கள். சர்வதேசப் போட்டி, தேசியப் போட்டி, பல்கலைக்கழகப் போட்டி, பள்ளிப் போட்டி ஆகிய ஒவ்வொன்றுக்கும் உரிய படிவத்தில், உரிய சங்கத்தின் கையெழுத்தோடு சான்றிதழ் பெறாதவர்கள் பலர். பத்து வருஷம் கழித்துக் கேட்டால் சங்கத்தில் ஆள் மாறியிருப்பார், சில சமயம் சங்கமே இரண்டாகப் பிரிந்திருக்கும். பந்தயம் முடிந்த மாதத்திலேயே வாங்கி, நகலெடுத்து, வீட்டிலொன்றும் வெளியிலொன்றுமாக வைத்திருங்கள். ஏனெனில் பிற்காலத்தில் அவற்றுக்குப் பணமதிப்பு உண்டு. ஒலிம்பிக் பதக்கம் பெற்றவர்க்கு மாதம் 20,000, ஆசிய, காமன்வெல்த் தங்கத்துக்கு 14,000, வெள்ளி வெண்கலத்துக்கு 12,000 ரூபாய் என்று மத்திய சர்க்கார் 2018-இல் உயர்த்திய ஓய்வூதியம், முப்பது வயது நிறைந்து போட்டியிலிருந்து விலகியவர்க்கு உரியது. தானாக வராது, விண்ணப்பிக்க வேண்டும். தேசிய அளவில் ஆடி இன்று நலிந்திருக்கும் 58 வயதுக்கு மேற்பட்டோர்க்குத் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாதம் 6,000 ரூபாய் வழங்குகிறது. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களிலும் மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் விண்ணப்பிக்கும் முறையை விசாரிக்கலாம். இதைக் கேட்பதற்கு வெட்கப்பட்டுக்கொண்டு இருக்கும் மூத்த வீரர்கள் நம் பக்கத்துக் கிராமங்களில் உண்டு. அது பிச்சையன்று, முன்னே செய்த உழைப்பின் பாக்கி. அப்படிப்பட்டவர் ஒருவரை அறிந்த வாசகர், இந்தப் பக்கத்தை அவருக்குப் படித்துக் காட்டி, அவருடைய பழைய சான்றிதழ்களைத் தேடியெடுக்க உதவி, இந்த மாதத்திலேயே அவரை அலுவலகத்துக்கு அழைத்துச் செல்லும்படி வேண்டிக்கொள்கிறேன்.